விலை படிந்த பிறகு

அன்புள்ள அக்காவுக்கு,

போன மாதம் திருச்சியிலிருந்து கொழும்பு வந்திருந்தேன். புறக்கோட்டையில் ஒரு பகல் சுற்றினேன். சிவப்புப் பள்ளிவாசலையும் டச்சு அருங்காட்சியகத்தையும் வெளியில் நின்றுதான் பார்க்க முடிந்தது. தையில் அப்பா அம்மாவோடு மறுபடி வருகிறேன். பழைய கொழும்பில் ஒரே நாளில் எதையெல்லாம் பார்க்கலாம்? படம் எடுக்க விடுவார்களா? அப்புறம், அங்கே எப்படிப் பேரம் பேசுவது? பாதி விலையில் ஆரம்பிக்க வேண்டும் என்று யூடியூபில் பார்த்துவிட்டுத்தான் போனேன். பிரதான வீதி நடைபாதையில் ஒருவர் ஒரு தோள்பைக்கு 2,800 சொன்னார். நான் 1,500 என்றேன். கொஞ்ச நேரம் பேசிவிட்டு அதற்கே தருகிறேன் என்றார். இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொள்கிறாரே, இன்னும் குறைத்துக் கேட்டிருக்கலாமே என்று தோன்றியது. வாங்காமல் வந்துவிட்டேன். பின்னாலிருந்து ஏதோ திட்டினார். அங்கே வியாபாரிகள் ஏன் இவ்வளவு கோபக்காரர்கள்?

அன்புடன்,
ச.

அன்புள்ள தம்பி,

இடங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கான் மணிக்கூண்டில் தொடங்குங்கள். பம்பாய்ப் பார்சிக் குடும்பம் ஒன்று 1923இல் கட்டியது அது. இரண்டாம் குறுக்குத் தெருவில் உங்கள் சிவப்புப் பள்ளி. நாங்கள் சம்மாங்கோட்டுப் பள்ளி என்போம். தென்னிந்திய முஸ்லிம் வியாபாரிகள் 1908இல் தொடங்கி அடுத்த வருடமே கட்டி முடித்தார்கள். தொழுகை நேரத்தைத் தவிர்த்துப் போனால் உள்ளேயும் பார்க்கலாம். வெள்ளிக்கிழமை மத்தியானம் வேண்டாம். பிரின்ஸ் வீதியில் ஒல்லாந்தர் நூதனசாலை, நீங்கள் சொன்ன டச்சு அருங்காட்சியகம், இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆளுநர் தோமஸ் வான் ரீ குடியிருந்த வீடு, பின்னாளில் தபாற்கந்தோராகக்கூட இருந்தது. பிறகு கெய்மன்ஸ் கேட் மணிக்கோபுரம், 1873இன் பழைய நகர மண்டபம், செட்டியார் தெருவின் இரண்டு கதிரேசன் கோயில்கள். அம்மாவின் முழங்கால் இடம் கொடுத்தால் மேட்டில் ஏறி வுல்பெண்டால் தேவாலயத்தையும் பாருங்கள், 1757இல் திறந்தது. படம் எடுக்கலாம். மூட்டை சுமக்கும் நாட்டாமிமாரை மட்டும் கேட்காமல் எடுக்காதீர்கள்.

இனி அந்தத் தோள்பை. நீங்கள் அதைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதைத் தாண்டிப் போக முடியவில்லை.

நீங்கள் ஒரு விலை சொன்னீர்கள், அவர் ஒத்துக்கொண்டார். அதோடு பேரம் முடிந்தது. அதற்குப் பிறகு பை உங்களுடையது, 1,500 ரூபாய் அவருடையது. அவர் ஏன் திட்டினார் என்று கேட்கிறீர்கள். நான் அங்கே நின்றிருந்தால் நானும் சேர்ந்து திட்டியிருப்பேன்.

2,800 சொல்லிவிட்டு 1,500க்கு இறங்கியவர் மட்டும் நியாயமா என்று உங்களுக்குத் தோன்றும். அவர் கூட்டித்தான் சொன்னார். நீங்களும் குறைத்துத்தான் கேட்டீர்கள். இரண்டு பேருக்கும் அது தெரியும், அதில் ஏமாற்று ஒன்றுமில்லை. விலை பேசும்போது முகத்தைச் சுளிக்கலாம், நாலு கடை தள்ளி மலிவு என்று சொல்லலாம், வேண்டாம் என்று பத்தடி நடந்துவிட்டுத் திரும்பியும் வரலாம். எல்லாம் செல்லும். உங்கள் வாயால் கேட்ட விலைக்கு அவர் சரி என்ற பிறகு பின்வாங்குவது மட்டும் செல்லாது. வாங்கும் எண்ணம் இல்லையென்றால் விலையே கேட்கக்கூடாது. ‘சும்மா பார்க்கத்தான் வந்தேன் நானா’ (முஸ்லிம் அண்ணன்மாரை அங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) என்று சொன்னால் புறக்கோட்டையில் யாரும் கோபிக்க மாட்டார்கள். பாதி விலையில் ஆரம்பி என்று சொல்லிக்கொடுத்தவர் இதையும் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்.

சீக்கிரம் ஒத்துக்கொண்டார் என்கிறீர்கள். அவர் ஏன் ஒத்துக்கொண்டார் என்று ஒரு நிமிடமாவது யோசித்தீர்களா? நடைபாதையில் நிற்பவர்களில் பலர் காலையில் மொத்தக் கடையில் கடனுக்குச் சரக்கு எடுத்து, பொழுதுபட்டதும் கணக்கு முடிப்பவர்கள். அன்றைக்கு முடிக்க வேண்டிய காசு வந்தால் போதும் என்று இலாபத்தை விட்டுக்கொடுத்திருக்கலாம். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து இரண்டே மாதத்தில் 360 வரைக்கும் போனபோது, இறக்குமதிப் பைகளின் அடக்கவிலை என்ன ஆகியிருக்கும்? அந்த அடியிலிருந்து இவர்கள் இன்னும் முழுதாக எழும்பவில்லை. நீங்கள் கேட்ட 1,500 உங்கள் இந்தியக் காசில் ஐந்நூறுகூட வராது, தம்பி. அதற்குமேலும் குறையுமா என்று பார்த்தீர்களே, அதுதான் எனக்கு மனவருத்தம்.

என் பெரியப்பா கெய்சர் வீதியில் ஒரு புடவைக்கடையில் நின்றவர். பாடசாலை விடுமுறைக்கு நானும் அங்கே போய் ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பேன். ஒவ்வொரு துணி உருளையிலும் சின்ன அட்டை ஒன்று தொங்கும். அதில் விலை இருக்காது, பென்சிலால் இரண்டு மூன்று எழுத்துத்தான் இருக்கும். பத்து எழுத்துள்ள சொல் ஒன்றை வைத்துக்கொண்டு எழுத்துக்கு ஓர் இலக்கம் என்று கணக்கு. அது என்ன சொல் என்று கடையில் நிற்பவர்களுக்கு மட்டும்தான் தெரியும். அப்படி எழுதியிருப்பது அடக்கவிலை. வாங்க வந்தவர் இறக்கிக் கேட்கக் கேட்க, பெரியப்பாவின் கண் அந்த அட்டைக்கு ஒருதரம் போய்வரும். விலை படிந்ததும் யார்கோலை, உங்கள் ஊர்க் கெஜக்கோலை, வைத்து அளப்பார், ஓரத்தில் கத்தரிக்கோலால் ஒரு விரல் நீளத்துக்கு வெட்டுவார், பிறகு இரண்டு கையாலும் பிடித்து ஒரே இழுவையில் கிழிப்பார். அந்தச் சத்தத்துக்குப் பிறகு விலையைப் பற்றி யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

ஒருநாள் ஒருவர் கிழித்த பிறகு வேண்டாம் என்று எழும்பிப் போய்விட்டார். முதலாளி அந்தத் துண்டின் காசைப் பெரியப்பாவின் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார். ஊதாப் பூப் போட்ட இரண்டரை யார் துணி வீட்டுக்கு வந்தது. பெரியம்மா அதைத் தொடவே இல்லை, கடைசியில் என் தங்கச்சிக்குச் சட்டையானது. சம்பளம் குறைந்ததைப் பெரியப்பா மறந்துவிட்டார். அந்த ஆள் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனதைத்தான் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

1983 ஜூலையில் புறக்கோட்டையில் தமிழர் கடைகள் எரிந்தன. அந்தக் கடையும் சாம்பலானது. பெரியப்பாவின் சம்பளத்தில் கைவைத்த அதே முதலாளி, ஒரு வருடம் கழித்து வெறும் கையோடு மறுபடி தொடங்கினார். அவருக்குச் சரக்குக் கொடுத்தவர்களில் முஸ்லிம்களும் இருந்தார்கள், சிங்களவர்களும் இருந்தார்கள். எழுத்தில் ஒன்றுமில்லை. மாதம் முடிய தருகிறேன் என்றார், அவ்வளவுதான். தந்தும் முடித்தார். அவரை எனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை. ஆனால் அவருடைய சொல்லை நம்பி லொறியில் சரக்கு வந்து இறங்கியதை நான் பார்த்திருக்கிறேன். அந்த ஊரில்தான் நீங்கள் 1,500 என்று சொல்லிவிட்டு நடந்திருக்கிறீர்கள்.

நீங்கள் வெளியில் நின்று பார்த்த ஒல்லாந்தர் வீட்டுக்குள் போகும்போது ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். 1656இல் கொழும்பைப் பிடித்த ஒல்லாந்தக் கம்பனிக்கு இங்கே முக்கியமான சரக்கு கறுவா, உங்கள் ஊரில் பட்டை என்பது. பட்டை உரிக்கும் சாதியார் இவ்வளவு கட்டாயம் கொண்டுவந்து கொடுக்க வேண்டும் என்று கணக்கு வைத்திருந்தார்கள். கம்பனிக்குத் தெரியாமல் விற்றால் கடும் தண்டனை. உரித்தவனுக்கு விலை சொல்லும் உரிமையும் இல்லை, தரமாட்டேன் என்று சொல்லும் உரிமையும் இல்லை. கறுவா வியாபாரத்தின் மீதிருந்த அந்தத் தனியுரிமை ஆங்கிலேயர் காலத்தில், 1833இல்தான் முழுதாகப் போனது. அந்த நகரத்தின் நடைபாதையில் இன்றைக்கு ஓர் ஏழை வியாபாரி 2,800 என்று தன் வாயால் விலை சொல்கிறார், தன் விருப்பத்தில் இறங்கியும் வருகிறார். எனக்கு அது பெரிய விஷயம்.

ஏமாற்றுபவர்கள் இல்லையென்று சொல்ல வரவில்லை. காலிமுகத்திடலில் யாராவது சிரித்துக்கொண்டே வந்து, இன்றைக்கு விகாரையில் யானைத் திருவிழா என்று சொல்லி ஓட்டோவில் ஏற்றினால் இறங்கிவிடுங்கள், அது மாணிக்கக்கல் கடையில்தான் போய் நிற்கும். பொருளில் விலை அச்சடித்திருந்தால் அதற்குமேல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள், அதற்குச் சட்டம் இருக்கிறது. செட்டியார் தெரு நகைக்கடைகளில் பவுண் விலை அன்றாடம் சந்தையில் முடிவாவது, அதில் பேச ஒன்றுமில்லை. கூலியிலும் சேதாரத்திலும் பேசுங்கள், நன்றாகவே பேசுங்கள். அம்மாவுக்குக் கறுவா வாங்குவதென்றால் காபோஸ் லேன் பக்கம் போங்கள். மெல்லிய பட்டைகளைச் சுருட்டி ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கியது, விரலால் அழுத்தினால் நொறுங்குவது, நல்லது. குச்சி மெலிய மெலிய விலை கூடும், அல்பா என்பதுதான் உச்சம். அங்கே அடித்துப் பேசினால் விலை குறையும், கூடவே தரமும் குறைந்துதான் கைக்கு வரும்.

தையில் வரும்போது பிரதான வீதியில் அந்தப் பைக்காரரைத் தேடுங்கள். அநேகமாக அதே இடத்தில்தான் நிற்பார், நடைபாதையில் இடம் மாறுவது லேசான காரியமில்லை. அவர் இப்போது என்ன விலை சொல்கிறாரோ அதைக் கொடுத்து வாங்குங்கள். 1,800 என்றால் 1,800. அப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாங்குங்கள், ஏன் பேரம் பேசவில்லை என்று அவர் கேட்டால் நடந்ததைச் சொல்லுங்கள்.

ஞாயிற்றுக்கிழமையும் போயா தினமும் (பௌர்ணமி விடுமுறை) வேண்டாம், பெரிய கடைகள் அநேகமாகப் பூட்டியிருக்கும். வார நாளில் வெயில் ஏறமுன் வந்து கட்டடங்களை முதலில் பார்த்துவிடுங்கள், கடைகளுக்குப் பத்து மணிக்குப் பிறகு போகலாம். முதல் வியாபாரம் ஆகாத நேரத்தில் விலை கேட்டுவிட்டுப் போகிறவர்களை எந்தக் கடைக்காரருக்கும் பிடிக்காது. அம்மாவுக்கு நடக்கக் கஷ்டமென்றால் முன்கூட்டியே எழுதுங்கள், வுல்பெண்டால் மேட்டை விட்டுவிட்டு வேறு வழி சொல்கிறேன்.

அன்புடன்,
அக்கா