வரி விடுமுறையும் 95 டாலர் ஜீன்ஸும்

வரிக்குப் பதில்: வாசகர் கேள்விகள்

அமெரிக்காவில் சில மாநிலங்கள் வருடத்தில் ஓரிரு நாள் விற்பனை வரியை விட்டுக்கொடுக்கும் கதையைச் சென்ற இதழில் போகிற போக்கில் எழுதிவிட்டேன். அதைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களே இந்த முறை அதிகம். அதனால் இன்று வேறு கேள்விகள் கிடையாது.

ஹூஸ்டன் வாசகி: வரி விடுமுறை நாளில்தான் மகனுக்கு ஆன்லைனில் ஜீன்ஸ் வாங்கினேன். விலை 95 டாலர். 100 டாலருக்குக் கீழே இருந்தால் வரி கிடையாது என்கிறார்கள். ஆனாலும் வரி போட்டுவிட்டார்கள். ஏமாற்றிவிட்டார்களா?

ஷிப்பிங் எவ்வளவு என்று எழுதாமல் விட்டுவிட்டீர்களே, விஷயமே அங்கேதான் இருக்கிறது.

மற்றவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போய் வருகிறேன். அமெரிக்காவில் நாடு முழுவதற்குமான விற்பனை வரி இல்லை, மாநிலம்தான் போடுகிறது. நம் ஊர் எம்.ஆர்.பி. மாதிரி வரியைச் சேர்த்து விலை அச்சடிப்பதும் இல்லை, பில் போடும்போதுதான் வரி ஏறும். டெக்சாஸில் மாநில வரி 6.25 சதவீதம், ஊர் வரி அதிகபட்சம் 2, ஆக 8.25 வரை போகும். ஆகஸ்டில் பள்ளி திறப்பதை ஒட்டி வெள்ளி முதல் ஞாயிறு வரை (2025-இல் ஆகஸ்ட் 8 முதல் 10) துணி, செருப்பு, ஸ்கூல் பை, நோட்டு, பென்சில் இவற்றில் ஒரு பொருள் 100 டாலருக்குக் குறைவாக இருந்தால் அந்த வரி கிடையாது. நம் ஆடி மாதத்தை ஒட்டி வருவதால் ஆடித் தள்ளுபடி போலத் தோன்றும், ஆனால் இங்கே கடைக்காரர் பாக்கெட்டிலிருந்து எதுவும் போவதில்லை, அரசு தன் பங்கை விடுகிறது. ஆன்லைனுக்கும் இது உண்டு.

ஆனால் டெக்சாஸ் கணக்கில் ஷிப்பிங்கும் விலையோடு சேர்த்தி. உங்கள் 95-க்கு 10 டாலர் ஷிப்பிங் என்றால் அது 105 டாலர் ஜீன்ஸ். எல்லையைத் தாண்டிய 5 டாலருக்கு மட்டும் வரி என்று நினைக்காதீர்கள், முழு 105-க்கும் வரி. உங்கள் ஊர் விகிதப்படி 8 டாலர் 66 சென்ட். அநியாயம் என்று தோன்றினால் நம் ஜி.எஸ்.டி.யையும் ஒரு தரம் பாருங்கள்: 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையுள்ள ரெடிமேட் துணிக்கு 5 சதவீதம், ஒரு ரூபாய் தாண்டினால் முழு விலைக்கும் 18. படிக்கட்டு வைத்து வரி போடுகிறவர்கள் எல்லோரிடமும் இந்தக் கோளாறு இருக்கிறது.

ஒரு வழி இருக்கிறது. எல்லை பொருளுக்குப் பொருள்தான், மொத்த பில்லுக்கு இல்லை. 20 டாலர் சட்டை பத்து வாங்கினாலும் வரி கிடையாது. பார்சலுக்கு மொத்தமாக ஒரே ஷிப்பிங் தொகை என்றால், அதைப் பெட்டியில் உள்ள ஏதாவது ஒரு பொருளின் தலையில் கட்டிவிட விற்பவருக்கு அனுமதி உண்டு. 30 டாலர் சட்டை ஒன்றையும் சேர்த்து வாங்கியிருந்தால் அதன் தலையில் கட்டி ஜீன்ஸைக் காப்பாற்றியிருக்கலாம். கடையின் சாஃப்ட்வேரை அப்படி அமைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஷிப்பிங் இலவசமாக வந்தும் வரி பிடித்திருந்தால் பில்லோடு கடைக்கு எழுதுங்கள், திருப்பித் தரச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

டாலஸ் வாசகர்: ஞாயிறு இரவு 11.50-க்கு ஆர்டர் போட்டேன். பொருள் புதன்கிழமைதான் வந்தது. வரி விலக்கு செல்லுமா?

செல்லும். பணம் கட்டிய நேரம்தான் கணக்கு, பொருள் வீட்டுக்கு வந்த நாள் இல்லை. ஆனால் உங்கள் கார்டு அன்றிரவு டிக்ளைன் ஆகி, நீங்கள் கவனிக்காமல் தூங்கிப்போய், திங்கள் காலை மறுபடி கட்டியிருந்தால் வரி உண்டு. கூடையில் போட்டு வைத்ததெல்லாம் ஆர்டர் ஆகாது.

நள்ளிரவு என்பது யாருடைய நள்ளிரவு என்பதிலும் மாநிலத்துக்கு மாநிலம் வித்தியாசம் இருக்கிறது. ஒஹையோ, டென்னசி, ஓக்லஹோமா மாதிரி விற்பனை வரி விதிகளை ஒரே மாதிரி வைத்துக்கொள்ள உடன்பாடு செய்துகொண்ட மாநிலங்களில், வாங்குபவரும் விற்பவரும் வேறு வேறு நேர மண்டலத்தில் இருந்தால் விற்பவர் ஊரின் கடிகாரம்தான் செல்லும். மாசசூசெட்ஸ் அந்த உடன்பாட்டில் இல்லை, அங்கே கிழக்கு அமெரிக்க நேரம். கடைசிப் பத்து நிமிஷம் வரை இழுத்தடிக்காதீர்கள் என்பதைத் தவிர எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

திருப்பூர் வாசகர்: டி-ஷர்ட் தயாரித்து அமெரிக்காவுக்கு ஆன்லைனில் விற்கிறோம். பாதி அமேசானில், பாதி எங்கள் சொந்தத் தளத்தில். இந்த விடுமுறைக்கு நாங்கள் ஏதாவது செய்ய வேண்டுமா?

அமேசான் பாதிக்குக் கவலை குறைவு. தன் தளத்தில் பிறர் விற்பதற்கும் வரியைப் பிடித்துக் கட்ட வேண்டியது சந்தை நடத்துபவரின் பொறுப்பு, விடுமுறை அன்று பிடிக்காமல் விடுவதும் அவர்கள் வேலை. நீங்கள் பார்க்க வேண்டியது, உங்கள் பொருள் சரியான வகையில் பதிவாகியிருக்கிறதா என்பது. டி-ஷர்ட்டை 'அன்பளிப்புப் பொருள்' என்று போட்டு வைத்திருந்தால் கம்ப்யூட்டருக்கு அது சட்டை என்று எப்படித் தெரியும்? டெக்சாஸ் விலக்கில் தைக்காத துணி வராது, பொத்தானும் ஜிப்பும் வராது, கைப்பை, வாட்ச், நகையும் வராது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

சொந்தத் தளம்தான் சிக்கல். 2018 ஜூன் 21 வரை, ஒரு மாநிலத்தில் கடையோ கிடங்கோ ஆளோ இல்லாதவரை வரி பிடிக்கச் சொல்ல அந்த மாநிலத்தால் முடியாது. அன்றுதான் வேஃபேர் என்ற ஆன்லைன் கடையின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், இப்படிச் சொல்லியிருந்த தன் பழைய 1992 தீர்ப்பை மாற்றியது. இப்போது ஒவ்வொரு மாநிலமும் தன் எல்லைக்கோட்டை வைத்திருக்கிறது. டெக்சாஸில் முந்தைய 12 மாதத்தில் அந்த மாநிலத்துக்கு 5 லட்சம் டாலர் வியாபாரம். அதற்குக் கீழே என்றால் வெளியிலிருந்து விற்பவர் அங்கே வரி பிடிக்க வேண்டியதில்லை, விடுமுறையும் அவருக்கு வெறும் சனி ஞாயிறுதான். ஆனால் உங்கள் சரக்கு டெக்சாஸ் கிடங்கில் கிடந்தால் இந்தக் கணக்கு உங்களைக் காப்பாற்றாது. கிடங்கில் சரக்கு இருப்பதே அங்கே நேரில் இருப்பதாகத்தான் அர்த்தம்.

வரி பிடிக்கிற கடை என்றால் அந்த மூன்று நாள் விலக்கு உங்கள் விருப்பம் இல்லை, கட்டாயம். பழக்கத்தில் வரியைப் பிடித்துவிட்டால் வாடிக்கையாளரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும், அல்லது அரசுக்குக் கட்ட வேண்டும், நீங்கள் வைத்துக்கொள்ள முடியாது. பிடிக்க வேண்டியதைப் பிடிக்காமல் விட்டால் அதை உங்கள் கைப்பணத்திலிருந்து கட்ட வேண்டும். என்னைக் கேட்டால், விடுமுறையால் வாங்குபவருக்குக் கிடைப்பது ஒரு சட்டைக்கு ஒன்றிரண்டு டாலர், சின்ன ஆன்லைன் கடைக்காரருக்கோ அதைவிடப் பெரிய தலைவலி. டெக்சாஸில் 100-க்குக் குறைவு என்றால் 100 டாலர் சட்டைக்கு வரி உண்டு, டென்னசியில் 100 வரை என்பதால் கிடையாது. தென் கரோலைனாவில் விலை எல்லையே இல்லை. மாசசூசெட்ஸில் துணி, புத்தகம் என்று பிரிக்காமல் சொந்த உபயோகத்துக்கான பெரும்பாலான பொருளுக்கு 2,500 டாலர் வரை. ஒஹையோ 2024-இல் பத்து நாளாக நீட்டி 500 டாலர் வரை விட்டது. இத்தனையையும் ஒரே சாஃப்ட்வேரில் ஏற்ற வேண்டும், அடுத்த வருடம் தேதி மாறும். ஜூலை தொடக்கத்திலேயே ஆடிட்டரோடு உட்கார்ந்துவிடுங்கள்.

ஆஸ்டின் வாசகி: கலிபோர்னியாவில் படிக்கும் மகளுக்கு இங்கிருந்து ஆர்டர் போட்டு நேராக அவள் விலாசத்துக்கு அனுப்பினால் டெக்சாஸ் விடுமுறை பொருந்துமா?

பொருந்தாது. பார்சல் எங்கே போகிறதோ அந்த ஊர் வரிதான். கலிபோர்னியாவில் இப்படித் துணிக்கு விடுமுறை விடுவதில்லை. உங்கள் வீட்டுக்கே வரவழைத்து, அவள் லீவுக்கு வரும்போது கொடுங்கள். மகள் நியூ ஜெர்சியில் இருந்திருந்தால் இந்தக் கேள்வியே வராது, அங்கே சாதாரணத் துணிக்கு வருடம் முழுக்க வரி இல்லை.

கொலம்பஸ் வாசகர்: கூப்பன் போட்டு விலையை எல்லைக்குக் கீழே இறக்கினால்?

கடையே கொடுக்கும் கூப்பன் என்றால் சரி. 520 டாலர் பொருள் 30 தள்ளுபடியில் 490, உங்கள் ஒஹையோ 2024-இல் வைத்த 500 எல்லைக்குள் வந்துவிடும். தயாரிப்பாளர் கூப்பன் கொடுத்து அந்தப் பணத்தைக் கடைக்குப் பிறகு தந்துவிடுகிறார் என்றால் வரிக் கணக்கில் விலை குறையாது, 520-தான். ஜோடியாக விற்பதைப் பிரித்து விற்று எல்லைக்குள் நுழைக்கவும் முடியாது, இடது ஷூ தனி பில், வலது ஷூ தனி பில் என்று யாராவது யோசித்திருக்க வேண்டும், அதற்கென்றே விதி எழுதி வைத்திருக்கிறார்கள்! அளவு சரியில்லை என்று விடுமுறைக்குப் பிறகு அதே பொருளை வேறு சைஸில் மாற்றினால் புதிதாக வரி கேட்க மாட்டார்கள். திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு பொருள் எடுத்தால் கேட்பார்கள்.