விக்கிப்பீடியாவுக்குப் பேராசிரியர்களை அழைப்பது எப்படி? – கேள்வி பதில்

தமிழ் விக்கிப்பீடியாவில் துறை அறிஞர்களின் பங்களிப்பு பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

எங்கள் தாவரவியல் பேராசிரியையை எழுதக் கூப்பிட்டேன். "நேரமில்லைம்மா" என்கிறார். (கல்லூரி மாணவி)

எழுதச் சொல்லாதீர்கள், திருத்தச் சொல்லுங்கள். செங்காந்தள் பற்றிய என் வரைவை அச்செடுத்து ஒரு பேராசிரியை அம்மாவிடம் கொடுத்தேன். தாவரக் குடும்பப் பெயர் 'லில்லியேசியே' என்றிருந்ததைப் பச்சை மையில் அடித்து 'கால்சிகேசியே' என்று எழுதினார். பழைய பாடநூலை நம்பி நான் செய்த பிழை அது. "கிழங்கு கொடிய நஞ்சு, இதை முதல் பத்தியிலேயே சொல்லுங்கள்" என்று ஓரத்தில் ஒரு குறிப்பு. எந்த நூலில் பார்க்கலாம் என்பதையும் சொன்னார். இருபது நிமிடம்தான். கணினியை அவர் தொடவே இல்லை.

முப்பது வருடம் கல்வெட்டு படித்தவன் நான். நான் எழுதிய வரியில் யாரோ 'சான்று தேவை' என்று ஒட்டிவிட்டார். இது அவமதிப்பு இல்லையா? (ஓய்வுபெற்ற ஆய்வாளர்)

உங்கள் வருத்தம் புரிகிறது ஐயா. ஆனால் எழுதியது நீங்கள்தான் என்று வாசகருக்குத் தெரியாது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு என்றால், 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' இரண்டாம் தொகுதி, இத்தனையாவது எண் என்று போட்டுவிடுங்கள். எந்த ஊர் மாணவரும் எடுத்துச் சரிபார்க்கலாம். அந்தத் தொகுதிகள் உங்கள் அலமாரியில் இருக்கின்றன, எங்களில் பலரிடம் இல்லை. உங்களை நாங்கள் தேடி வருவதே அதற்காகத்தான்.

இன்னும் வெளியிடாத என் கண்டுபிடிப்பைச் சேர்க்கலாமா?

கூடாது. முதலில் ஆய்விதழில் வரட்டும்.

என் பழைய கட்டுரையை அப்படியே ஒட்டலாமா?

பதிப்புரிமை பெரும்பாலும் இதழிடம் இருக்கும். அதனால் புதிதாக எழுதுங்கள். உங்கள் கட்டுரையைச் சான்றாகக் காட்டலாம். அது உங்களுடையது என்பதை விக்கிக் கட்டுரையின் பேச்சுப் பக்கத்தில் (கட்டுரை பற்றி விவாதிக்கும் பக்கம்) சொல்லிவிட்டு, பிறர் ஆய்வுகளையும் சேர்த்துக் காட்டுங்கள்.

அறிஞர்கள் மட்டுமே எழுதினால் என்ன?

செய்து பார்த்தார்கள். 2000-இல் தொடங்கிய நுபீடியா என்ற இணையக் கலைக்களஞ்சியத்தில் ஏழு கட்டச் சரிபார்ப்பு. மூன்றாண்டில் முடிந்த கட்டுரைகள் முப்பதைத் தொடவில்லை. அதற்குத் துணையாக 2001-இல் வந்த விக்கிப்பீடியாதான் வளர்ந்தது. அறிஞரும் வேண்டும், ஆர்வலரும் வேண்டும்.

இதனால் எங்களுக்குப் பெயரும் இல்லை, பதவி உயர்வும் இல்லையே? (உதவிப் பேராசிரியர்)

உண்மைதான், கட்டுரையின் மேல் உங்கள் பெயர் வராது. 'ஆர்என்ஏ பயாலஜி' என்ற ஆய்விதழ் 2008-இல் ஒரு வழி கண்டது: புதிய ஆர்என்ஏ (உயிரணுவில் உள்ள ஒரு வகை மூலக்கூறு) குடும்பத்தைப் பற்றி எழுதுபவர் விக்கிப்பீடியாவுக்கும் ஒரு கட்டுரை தர வேண்டும். தமிழ் ஆய்விதழ் ஆசிரியர் யாராவது இப்படிச் செய்ய முன்வந்தால், விக்கியின் பொது உரையாடல் பக்கமான ஆலமரத்தடியில் ஒரு வரி எழுதுங்கள். தட்டச்சு, வடிவமைப்பு எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்.