ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன், நம்ம ஊர் ஈரக்காற்று: மாடல் கட்டுபவர்களின் கேள்விகளுக்குப் பதில்

ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் போன்ற இரண்டாம் உலகப் போர்க்காலச் சண்டை விமானங்களின் பிளாஸ்டிக் மாடல் பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதும் வந்தவற்றில் பாதி பெயிண்ட் பற்றிய கேள்விகள். பெயிண்டுக்கு முன்னால் செய்கிற வேலைதான் மாடலைத் தூக்கி நிறுத்துகிறது என்பது என் கட்சி. அதனால் அந்தப் பதில்கள் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சார், முதல் கிட் வாங்கப் போகிறேன். 1/72, 1/48, 1/32 என்று போட்டிருக்கிறார்கள். எதை எடுப்பது? (அம்பத்தூர்)

1/72 என்றால் நிஜ விமானத்தின் அளவில் 72-இல் ஒரு பங்கு. ஸ்பிட்ஃபயரின் இறக்கை நுனிக்கு நுனி 11.23 மீட்டர். 1/72 எடுத்தால் கையில் வருவது 156 மி.மீ., 1/48-இல் 234 மி.மீ., 1/32-இல் 351 மி.மீ. விலை குறைவு என்று எல்லோரும் 1/72-இல் தொடங்கச் சொல்வார்கள். நான் 1/48 சொல்வேன். காக்பிட் பாகங்களை விரலால் பிடிக்க முடியும். கீழே விழுந்தால் தேடிக் கண்டுபிடிக்கவும் முடியும். 1/32 வாங்குவதற்கு முன் வீட்டில் ஷோகேஸை ஒரு முறை அளந்து பாருங்கள்.

அண்ணா, உடலும் இறக்கையும் சேரும் இடத்தில் எப்போதும் இடைவெளி வருகிறது. பட்டி வைத்துத் தேய்த்தால் சுற்றியுள்ள தகட்டுக் கோடெல்லாம் அழிந்துபோகிறது. (வேளச்சேரி)

பட்டி கடைசி மருந்து தம்பி, முதல் மருந்து இல்லை. பசை தொடுவதற்கு முன் இறக்கையைச் சும்மா பொருத்திப் பாருங்கள். ஸ்பிட்ஃபயர் இறக்கை நேராகப் படுத்திருக்காது, சுமார் 6 டிகிரி மேல்நோக்கி ஏறும். கிட்டில் பெரும்பாலும் அது தட்டையாகவே வந்து உட்காரும், இடைவெளி அதனால்தான். ஒரு இறக்கை நுனியிலிருந்து முதுகு வழியாக அடுத்த நுனிக்கு மாஸ்கிங் டேப்பை இழுத்து ஒட்டிப் பாருங்கள். இறக்கை மேலே ஏறும், சந்து தானாகவே மூடும். அந்த நிலையில் வைத்தபடியே, மெல்லிய லிக்விட் பசையை பிரஷ் நுனியால் சந்தில் தொட்டு விடுங்கள். அதுவே உள்ளே ஓடிக்கொள்ளும்.

உடலின் இரண்டு பாதிகளை ஒட்டும்போது, பசை விட்ட சில நொடிகள் கழித்து இரண்டையும் அழுத்துங்கள். இணைப்பு நெடுக உருகிய பிளாஸ்டிக் மெல்லிய கோடாகப் பிதுங்கி வரும். வரட்டும், துடைக்காதீர்கள். ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, அந்தப் பிதுக்கத்தைச் சீவித் தேய்த்துவிட்டால் இடைவெளியை நிரப்பியது கிட்டின் அதே பிளாஸ்டிக். பட்டியே தேவைப்படாது. தேய்க்க டிங்கரிங் கடைக்காரர்கள் வாங்கும் வாட்டர் பேப்பர் போதும்: 400, 800, கடைசியாக 1200, தண்ணீர் தொட்டுத் தேய்க்க வேண்டும். மூலைகளுக்கு, தட்டார்கள் வைத்திருக்கும் ஊசி அரம். சவுகார்பேட்டைப் பக்கம் நகைவேலைக் கருவிகள் விற்கும் கடைகளில் கேட்டுப் பாருங்கள்.

எல்லாம் முடிந்தது என்று தோன்றும்போது விளக்கை அணைத்துவிட்டு, மொபைல் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள். கண்ணுக்குத் தப்பிய பள்ளம் அப்போது தெரியும். மீதியை, பெயிண்டுக்கு முன் அடிக்கும் சாம்பல் நிற பிரைமர் காட்டிக்கொடுத்துவிடும்.

காக்பிட்டுக்குத் தனியாக பித்தளைத் தகடு செட், ரெசின் செட் எல்லாம் விற்கிறார்கள். வாங்கலாமா சார்? (நங்கநல்லூர்)

கிட் விலையை விட செட் விலை அதிகமாகிவிடும். முதலில் உடலை டேப் போட்டு மூடி, கண்ணாடிக் கூண்டையும் வைத்துவிட்டு எட்டிப் பாருங்கள். 1/72-இல் தெரிவது நான்கே விஷயம்: சீட்டின் முதுகு, பெல்ட், குறிபார்க்கும் கருவி, திறந்து வைத்தால் பக்கவாட்டுக் கதவு. அந்த நான்கையும் ஒழுங்காகச் செய்தால் போதும். பெல்ட்டுக்கு மாஸ்கிங் டேப்பை 1 மி.மீ. அகலத்தில் வெட்டி, சீட்டின் மேல் சற்றுத் துவண்டு கிடக்கும்படி ஒட்டுங்கள். விறைப்பாக நிற்கும் பெல்ட்தான் மாடலைப் பொம்மையாக்குகிறது.

நிறம் பற்றியும் ஒரு வார்த்தை. உள்பக்கம் சாம்பல் கலந்த பச்சை. ஆனால் பல ஸ்பிட்ஃபயர்களில் சீட் உலோகமே இல்லை, அழுத்தி வார்த்த கலவைப் பொருள். அதனால் செங்கல்லும் பழுப்பும் கலந்த நிறம். கதவில் மாட்டியிருக்கும் கடப்பாரைக்கு எல்லோரும் ஆசையாகச் சிவப்பு அடிக்கிறார்கள். அந்தச் சிவப்பு போருக்குப் பிந்தைய வழக்கம். போர்க்கால விமானம் என்றால் அதுவும் உள்பக்கப் பச்சைதான்.

நம்ம மெட்ராஸோடு சம்பந்தமுள்ள சண்டை விமானம் எதையாவது கட்ட முடியுமா? (செங்குன்றம்)

கேட்பவரே செங்குன்றத்துக்காரர்! போரின்போது உங்கள் ஏரியில் இறங்கி ஏறியவை கேட்டலீனா கடல் விமானங்கள். சண்டை விமானம் இல்லை என்றாலும் 1/72-இல் கட்டினால் மேசையையே அடைத்துக்கொள்ளும், அவ்வளவு பெரிது.

சண்டை விமானம்தான் வேண்டும் என்றால் நல்ல வழி இருக்கிறது. பிரிட்டிஷ் விமானப்படையில் ‘மெட்ராஸ் பிரசிடென்சி’ என்ற பெயரைத் தாங்கிய ஸ்குவாட்ரன்கள் (விமானப் பிரிவுகள்) ஒன்றுக்கு மேல் இருந்தன. 234-வது ஸ்குவாட்ரன் 1940-இல் ஸ்பிட்ஃபயர் ஓட்டியது, உடலில் ‘ஏ இசட்’ என்ற குறியெழுத்து. 79-வது ஸ்குவாட்ரன் அதே ஆண்டில் ஹரிக்கேன் ஓட்டியது, குறியெழுத்து ‘என் வி’. அதுவே 1942-இல் இந்தியாவுக்கு வந்து, பர்மாப் பக்கம் ஹரிக்கேனிலும் பிறகு தண்டர்போல்ட்டிலும் சண்டையிட்டது. இந்தியர்கள் ஓட்டிய விமானம் வேண்டுமா? 1944-இல் இம்பாலில் அர்ஜன் சிங் தலைமையில் பறந்த இந்திய விமானப்படை 1-வது ஸ்குவாட்ரனின் ஹரிக்கேன் இருக்கிறது. எட்டாவது ஸ்குவாட்ரனின் ‘மார்க் 8’ ரக ஸ்பிட்ஃபயர் இருக்கிறது.

பர்மா முனை விமானம் என்றால் ஒன்றைக் கவனியுங்கள். வட்டச் சின்னத்தின் நடுவில் சிவப்பு இருக்கக் கூடாது. ஜப்பானியரின் சிவப்பு வட்டம் என்று நினைத்து நம் ஆட்களே சுட்டுவிடக் கூடாது என்பதற்காகச் சிவப்பை எடுத்துவிட்டு, கருநீலத்துக்குள் வெளிர்நீலம் வைத்தார்கள். இறக்கையிலும் வாலிலும் வெள்ளைப் பட்டை சிலவற்றில் உண்டு, சிலவற்றில் கிடையாது. ஆகவே ‘ஒரு ஹரிக்கேன்’ கட்டாதீர்கள். படம் கிடைக்கிற ஒரே ஒரு ஹரிக்கேனைத் தேர்ந்தெடுத்து அதையே கட்டுங்கள். பாதிச் சந்தேகங்கள் அங்கேயே தீர்ந்துவிடும்.

கடைசி கோட் அடித்ததும் விமானம் முழுக்க வெள்ளையாகப் பூத்துவிட்டது அண்ணா. மழைக்காலத்தில் மட்டும் இப்படி ஆகிறது. (அடையாறு, கல்லூரி மாணவி)

லாக்கர் வகை வார்னிஷ் அடித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதிலுள்ள தின்னர் சட்டென்று ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்கிறது. ஐப்பசி, கார்த்திகைக் காற்றில் இருக்கும் ஈரம் அதன் மேல் படிந்து சிக்கிக்கொள்கிறது. பயப்படாதீர்கள், பெரும்பாலும் சரியாகிவிடும். வெயில் வந்த ஒரு நாளில், மெதுவாக ஆவியாகும் ரிடார்டர் கலந்த தின்னரை மெல்லிய தூறலாக அடியுங்கள். வார்னிஷ் மறுபடி இளகி ஈரத்தை விட்டுவிடும். டீகால் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் சின்னம்) இருக்கும் இடத்தில் மட்டும் கை அடக்கம் வேண்டும். இனிமேல் மழை நாளில் கடைசி கோட் வேண்டாம்மா. அவசரமென்றால் ஏசி ஓடிய அறையில் அடியுங்கள். கம்ப்ரஸரில் ஈரம் பிடிக்கும் வடிகட்டி இல்லாவிட்டால் நம்ம ஊரில், காற்றழுத்தத்தால் பெயிண்ட் தெளிக்கும் ஏர்பிரஷையே தொடாதீர்கள்.

எனக்கு நேர்மாறு. சித்திரை மாதம் ஏர்பிரஷில் அக்ரிலிக் அடித்தால் சொரசொரப்பாகிறது, அதன் ஊசி நுனியும் அடைக்கிறது. (தி.நகர்)

பெயிண்ட் மாடலைத் தொடுவதற்கு முன்பே காற்றில் காய்ந்துவிடுகிறது. பால் பதத்துக்குக் கரையுங்கள், இரண்டு சொட்டு ரிடார்டர் சேருங்கள், அழுத்தம் 15 முதல் 20 பிஎஸ்ஐ, கிட்டத்தில் வைத்து அடியுங்கள். ஊசி நுனியைத் தின்னர் தொட்ட காட்டன் பட்ஸால் அவ்வப்போது துடைக்க வேண்டும். அதிகாலையில் அடித்தால் இன்னும் நல்லது.

டீகாலுக்கு அடியில் வெள்ளி மாதிரி பளபளக்கிறது. (பெரம்பூர்)

பளபளப்பில்லாத மேட் பெயிண்ட் மேல் நேரடியாக ஒட்டினால் அதன் சொரசொரப்பில் காற்று சிக்கும். முதலில் பளபளப்பான கிளாஸ் கோட், அதன் மேல் டீகால், மென்மையாக்கும் திரவம், கடைசியில் மேட். தண்ணீருக்கு, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் வாங்கி வையுங்கள். நம் போர்வெல் தண்ணீர் காய்ந்தால் உப்புத் தடம் விட்டுப் போகும்.

பேனல் கோடுகளை (தகடுகள் சேரும் கோடுகளை) எவ்வளவு கருப்பாக்கலாம்? பெயிண்ட் உதிர்ந்த மாதிரி எங்கே காட்டுவது? (தாம்பரம்)

1/72-இல் 0.2 மி.மீ. கோடு என்றால் நிஜ விமானத்தில் கிட்டத்தட்ட ஒன்றரை செ.மீ. விரல் நுழையும் சந்து! அதைக் கருப்பாக வேறு ஆக்கினால் பார்ப்பதற்குத் தகடுகள் கழன்று நிற்பது போல ஆகிவிடும். அடிநிறத்தை விடச் சற்றே இருண்ட பழுப்பு போதும். இன்ஜின் மூடியிலும் கட்டுப்பாட்டுப் பரப்புகளின் ஓரத்திலும் மட்டும் கொஞ்சம் கூட்டுங்கள். எல்லாக் கோட்டையும் ஒரே அழுத்தத்தில் நிரப்பும் இன்றைய பாணி எனக்குப் பிடிப்பதில்லை.

உதிர்வு, பைலட்டும் மெக்கானிக்கும் மிதித்து ஏறும் இடத்தில், இறக்கை உடலோடு சேரும் பக்கம், வரும். தோட்டா நிரப்பும் மூடிகளின் ஓரத்திலும் வரும். ஹரிக்கேன் என்றால் காக்பிட்டுக்குப் பின்னால் உடல் முழுக்கத் துணி போர்த்தியது. அங்கே வெள்ளி உதிர்வு காட்டினால் விஷயம் தெரிந்தவர் சிரிப்பார். ஸ்பிட்ஃபயர் உடல் உலோகம்தான், ஆனால் அதிலும் வாலின் சுக்கான் துணி.

கண்ணாடிக் கூண்டை ஒட்டியதும் உள்ளே புகை படிந்துவிட்டது. (கொளத்தூர்)

ஃபெவிக்விக் வேலை அது. கூண்டுக்குச் சாதாரண ஃபெவிகால்தான். காய்ந்தால் நிறமே தெரியாது.

ஆன்டெனா கம்பி எதில் செய்வது? (மயிலாப்பூர்)

கிட்டில் பாகங்கள் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டத்தில் ஒரு துண்டை மெழுகுவர்த்திச் சுடருக்குச் சற்று மேலே சுழற்றி, இளகியதும் வெளியே எடுத்து நிதானமாக இழுங்கள். முடி போல இழை கிடைக்கும். ஒட்டிக் காய்ந்த பிறகு அணைத்த ஊதுபத்தியின் கனலைத் தொடாமல் பக்கத்தில் கொண்டுபோனால் தொய்வு போய் விறைக்கும். ஆரம்பகால ஸ்பிட்ஃபயரில் கம்பத்திலிருந்து வாலுக்குக் கம்பி உண்டு. விஎச்எஃப் ரேடியோ வந்த பிறகு அது இல்லை. மறுபடியும் சொல்கிறேன், படத்தைப் பாருங்கள்.

என் பையனுக்கு 12 வயது. படுக்கையறையில் உட்கார்ந்து பெயிண்ட் அடிக்கிறான். ஆபத்தா? (போரூர், ஒரு அம்மா)

தண்ணீரில் கரையும் அக்ரிலிக், கையில் பிரஷ் என்றால் ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும்மா. லாக்கரும் தின்னரும் அந்த அறையில் வேண்டாம். தூசிக்குப் போடும் என்95 முகமூடி தின்னர் ஆவியைத் தடுக்காது. அதற்குக் கரி வடிகட்டி உள்ள மாஸ்க் வேண்டும். பால்கனியில், பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது அடிக்கட்டும். பிளேடை மட்டும் அடிக்கடி புதிதாக மாற்றிக் கொடுங்கள். மழுங்கிய பிளேடை அழுத்தும்போதுதான் வழுக்கி விரலில் ஏறும்.