வண்டிப் பேச்சு: உயரம் சரி, இவ்வளவு எடை எதற்கு?

போன இதழில், "இன்று பல சொகுசு கார் கம்பெனிகளுக்குச் சோறு போடுவது பெரிய எஸ்யூவிகள்தான்" என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அதற்கு தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கமிருந்து வந்த கடிதங்களே தனிக் கட்டாகச் சேர்ந்துவிட்டன. பாதிப் பேருக்குக் கோபம், மீதிப் பேருக்கு எதை வாங்குவது என்ற குழப்பம். அதனால் இந்த இதழ் முழுக்க இதே பேச்சுதான்.

"போர்ஷே, லம்போர்கினி என்றால் தாழ்வாக, வேகமாகப் போகும் கார். அவர்களே யானை மாதிரி வண்டி செய்து விற்பது ரசிகர்களுக்குச் செய்யும் துரோகம். எங்கள் கல்லூரியில் கார் பைத்தியம் பிடித்த எல்லோரும் இதைத்தான் சொல்கிறோம். நீங்கள் எப்படி ஆதரித்து எழுதலாம்?"
(இன்ஜினியரிங் மாணவர், ஓசூர்)

கோபம் புரிகிறது தம்பி. 2002-ல் போர்ஷே கயென் என்ற எஸ்யூவி வந்தபோது உலகம் முழுக்க ரசிகர்கள் இதையேதான் சொன்னார்கள். ஆனால் அந்தக் கம்பெனியின் கதையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1990-களின் தொடக்கத்தில் போர்ஷே நிற்குமா விழுமா என்ற நிலையில் இருந்தது. 1996-ல் வந்த பாக்ஸ்டர் ஸ்போர்ட்ஸ் கார் அதைத் தூக்கி நிறுத்தியது, அப்புறம் வெண்டலின் வீடெக்கிங் தலைமையில் ஃபோக்ஸ்வாகனோடு சேர்ந்து கயெனைச் செய்தார்கள், அதற்காக ஜெர்மனியில் லைப்ஸிக் நகரத்தில் புது ஆலையே கட்டினார்கள். நீங்கள் போஸ்டர் ஒட்டி வைத்திருக்கக்கூடிய கரேரா ஜிடி, அதுதான் வி10 இன்ஜினும் கையால் போடும் கியரும் கொண்ட கார், அதைப் பூட்டியதும் அதே லைப்ஸிக் ஆலையில்தான். 2023-ல் போர்ஷே விற்ற சுமார் 3,20,000 கார்களில் கயென் 87,000-க்கு மேல், மக்கான் என்ற சின்ன எஸ்யூவி 87,000-க்கு மேல், 911 என்ற ஸ்போர்ட்ஸ் கார் சுமார் 50,000. லம்போர்கினி அதே ஆண்டு முதல்முறையாக 10,000-ஐத் தாண்டியது, அதில் 6,000-க்கு மேல் உருஸ் என்ற எஸ்யூவி. இந்த வருமானம் இல்லாமல் அடுத்த தலைமுறை ஸ்போர்ட்ஸ் காருக்கு யார் பணம் போடுவார்கள்?

ஆனாலும் உங்கள் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது, அதை நான் மறைக்க மாட்டேன். ஆடி க்யூ7, பென்ட்லி பென்டேகா, போர்ஷே கயென், லம்போர்கினி உருஸ், ஃபோக்ஸ்வாகன் டூவாரெக் ஐந்தும் ஒரே அடித்தளத்தில் எழுந்தவை. ஐந்து கம்பெனிகளும் ஒரே குடும்பம் என்பதால் செலவைப் பகிர்ந்துகொண்டார்கள், வியாபாரத்துக்கு அது சரி. கோடிக்கணக்கில் கொடுத்து வாங்குகிறவர், இதில் அந்தக் கம்பெனிக்கே உரியது எது என்று கேட்டால் அந்தக் கேள்வி தப்பே கிடையாது. 2022-ல் ஃபெராரி கொண்டுவந்த புரோசங்குவேயைப் பாருங்கள். டர்போ இல்லாத 6.5 லிட்டர் வி12, 725 குதிரைத்திறன், இன்ஜினை முன் அச்சுக்குப் பின்னால் தள்ளி, கியர்பாக்ஸைப் பின்னால் வைத்து எடையைச் சமப்படுத்தியிருக்கிறார்கள். மொத்த உற்பத்தியில் 20 சதவீதத்துக்கு மேல் அது போகாது என்றும் சொன்னார்கள். நாலு கதவு, உயரமான உடம்பு, ஆனால் உள்ளே இருப்பது முழுக்க ஃபெராரி. அதை யாராவது துரோகம் என்று சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

என் சண்டை வேறு இடத்தில் இருக்கிறது, அது எடையோடு. கீழே வரும் கடிதங்களில் அதைத்தான் சொல்லப்போகிறேன்.

"எடை இருந்தால்தானே வண்டி ரோட்டைப் பிடித்துக்கொண்டு போகும்? லேசான கார் காற்றில் ஆடுகிறது. எடையைக் குறை சொல்வது சரியா?"
(லாரி பட்டறை வைத்திருப்பவர், நல்லம்பள்ளி)

நேர் ரோட்டில் நீங்கள் சொல்வது போலத்தான் தோன்றும். ஆனால் தொப்பூர் கணவாயில் இறங்கும்போது என்ன ஆகிறது என்று உங்களைவிட யாருக்குத் தெரியும்? டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டு இறங்கும் லாரியில் பிரேக் சூடேறி, லைனிங் கருகி, கடைசியில் மிதித்தாலும் பிடிக்காமல் போவதை உங்கள் பட்டறையிலேயே பார்த்திருப்பீர்கள். காரானாலும் அதே இயற்பியல்தான். 1,600 கிலோ செடானும் 2,500 கிலோ எஸ்யூவியும் மணிக்கு 100 கிலோமீட்டரில் போகும்போது, நிறுத்துவதற்கு எஸ்யூவியின் பிரேக் ஒன்றரை மடங்குக்கும் மேலான சக்தியைச் சூடாக மாற்றியாக வேண்டும்.

கம்பெனிகளுக்கு இது நன்றாகவே தெரியும். உருஸின் முன் சக்கர பிரேக் டிஸ்க் 440 மில்லிமீட்டர், கார்பன் செராமிக். நம் ஊரில் ஓடும் பல கார்களின் 17 அங்குல ரிம்மைவிட அந்த டிஸ்க் பெரியது! வளைவில் உயரமான உடம்பு சாயும், அதைத் தடுக்க 2015-ல் வந்த பென்டேகாவில் தனியாக 48 வோல்ட் மின்சார ஏற்பாடு வைத்து, இடது, வலது சக்கரங்களை இணைக்கும் ஆன்டி-ரோல் பாரை மோட்டாரால் முறுக்குகிறார்கள். எவ்வளவு அருமையான இன்ஜினியரிங்! ஆனால் எடையையும் உயரத்தையும் ஏற்றிவிட்டு, அதன் விளைவைச் சமாளிக்க இன்னும் கொஞ்சம் எடையையும் செலவையும் ஏற்றுகிறார்கள். வண்டி ரோட்டைப் பிடிப்பதற்கு வேண்டியது தாழ்ந்த ஈர்ப்பு மையமும் நல்ல டயரும் சஸ்பென்ஷனும்தான், வெறும் கனம் அதைத் தராது.

பெரிய எஸ்யூவி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. தொப்பூரில் இறங்கும்போது ஆட்டோமேட்டிக் கியர்தானே என்று சும்மா விடாதீர்கள். ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கும் பேடிலைத் தட்டிக் கீழ் கியருக்கு வாருங்கள், இன்ஜின் பிடித்துக்கொள்ளும், பிரேக்குக்கு ஓய்வு கிடைக்கும்.

"ஜெர்மன் செடான் வைத்திருக்கிறேன். குவாரிக்குப் போகும் வழியில் ஒவ்வொரு வேகத்தடையிலும் அடி தட்டுகிறது. அடுத்து பிஎம்டபிள்யூ எக்ஸ்7 அல்லது பென்ஸ் ஜிஎல்எஸ் வாங்க யோசனை. கார் ரசிகர்கள் கிண்டல் செய்தால் செய்யட்டும், வேறு வழி இருக்கிறதா?"
(கிரானைட் தொழில் செய்பவர், கிருஷ்ணகிரி)

கிண்டல் செய்பவர்கள் உங்கள் ரோட்டில் ஓட்டிப் பார்க்க வேண்டும். சாலை அமைப்புக்கு விதிமுறை வகுக்கும் இந்திய சாலைக் காங்கிரஸ் சொல்லும் வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம், அதாவது வண்டி மெதுவாக ஏறி இறங்குகிற மேடு. நம் கிராமச் சாலைகளில் கிடப்பதோ அரை மீட்டர் அகலத்தில் செங்குத்தாக எழுப்பிய கரை. பின் சீட்டில் இடம் வேண்டும் என்று நீளமாக்கிய செடானில் முன் சக்கரம் இறங்கியதும் வயிறு அதன்மேல் உட்கார்ந்துவிடும். ஆக கிரவுண்ட் கிளியரன்ஸ், அதாவது தரைக்கும் வண்டி வயிற்றுக்கும் நடுவில் உள்ள இடைவெளி, உங்களுக்கு அவசியம், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

ஆனால் உயரம் கேட்டுப் போனால் ஷோரூமில் அகலத்தையும் நீளத்தையும் சேர்த்தே கட்டி விற்கிறார்கள், அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. எக்ஸ்7 5.18 மீட்டர் நீளம், சுமார் 2 மீட்டர் அகலம், பக்கக் கண்ணாடிகளோடு 2.2 மீட்டர். ஜிஎல்எஸ் நீளம் 5.2 மீட்டர். ஒற்றை வழித் தார்ச்சாலை 3.75 மீட்டர்தான் இருக்கும். எதிரே 2.5 மீட்டர் அகல டவுன் பஸ் வந்தால் இரண்டுக்கும் சேர்த்து 4.7 மீட்டர் வேண்டும். யாராவது ஒருவர் மண்ணில் இறங்கியாக வேண்டும், மழைக்காலத்தில் அந்த ஓரம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். வத்தல்மலை கொண்டை ஊசி வளைவில் இவ்வளவு நீள வண்டியைத் திருப்புவது இன்னொரு பாடு.

குடும்பத்தில் ஏழு பேர் அடிக்கடி சேர்ந்து போகிறீர்கள் என்றால் எடுங்கள், இரண்டுமே நல்ல வண்டிகள், எக்ஸ்7-ஐ சென்னை பக்கத்திலும் ஜிஎல்எஸ்ஸை புனே பக்கத்துச் சாக்கனிலும் பூட்டுகிறார்கள் என்பதால் முழுதாக இறக்குமதியாகும் வண்டிகளின் சுங்கச் சுமையும் இல்லை. நாலு பேர்தான் என்றால் சின்ன எஸ்யூவிகளான எக்ஸ்3, ஜிஎல்சி, க்யூ5 போதும். அந்த வேகத்தடைகளை அவையும் தாண்டும், ஓட்டுவதற்கும் அவைதான் சுகம்.

"ஜி.எஸ்.டி. குறைந்துவிட்டதே, இதுதான் வாங்கும் நேரமா?"
(காரிமங்கலம்)

பெரிய எஸ்யூவிக்கு முன்பு செஸ்ஸோடு சேர்த்து 50 சதவீதம் இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதம். குறைவுதான். ஆனால் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு நம் மாநில ஆயுள் வரி 20 சதவீதம் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

"லம்போர்கினி முதலில் டிராக்டர் கம்பெனி என்கிறார்களே, உண்மையா? அப்படியானால் பெரிய வண்டி செய்வதில் என்ன தப்பு?"
(மரவள்ளி விவசாயி, அரூர்)

உண்மைதான் ஐயா. ஃபெருச்சியோ லம்போர்கினி 1948 முதல் டிராக்டர் செய்தவர், கார் கம்பெனி தொடங்கியது 1963-ல்தான். இன்னொன்றும் சொல்கிறேன். உருஸுக்கு முப்பது வருஷம் முன்பே, 1986-ல், எல்எம்002 என்று ஒரு வண்டியைக் கொண்டுவந்தார்கள். கவுன்டாஷ் ஸ்போர்ட்ஸ் காரின் வி12 இன்ஜின், மணலில் ஓடுவதற்கென்றே பிரெல்லி தனியாகச் செய்து கொடுத்த டயர். மொத்தம் சுமார் 300 வண்டிதான் செய்தார்கள், இன்று அதைச் சேகரிப்பாளர்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள். உருஸைத் திட்டும் அதே ரசிகர்கள் எல்எம்002-ஐக் கொண்டாடுவார்கள். ஓரளவு புரிந்துகொள்ளவும் முடிகிறது: அது யாருக்கும் வேண்டாத, ஆனால் ஆசையால் செய்த வண்டி. மற்றபடி, பெரிய வண்டி செய்ததாலேயே அந்தப் பெயருக்கு இழுக்கு என்பது சரித்திரம் தெரியாத பேச்சு.

"ரோல்ஸ் ராய்ஸ் கல்லினன் அழகா இல்லையா, ஒரே வார்த்தையில்?"
(பென்னாகரம்)

இல்லை. உள்ளே உட்கார்ந்தால் வேறு உலகம் என்பது உண்மை.

"பிள்ளைகளை அழைத்துப் போக பெரிய எஸ்யூவிதான் பாதுகாப்பு என்கிறார் கணவர். அப்படியா சார்?"
(ஆசிரியை, பாலக்கோடு)

உள்ளே இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் ஆம். இரண்டு வண்டிகள் மோதினால் கனமான வண்டிக்குள் இருப்பவர்களுக்கு அடி குறையும், அந்த மிச்ச அடி எதிரே வருபவர்மேல் விழும். நம் ரோட்டில் எதிரே வருவது பெரும்பாலும் மொபெட்டும் பைக்கும்தான் அம்மா. பானெட் உயரமாக இருப்பதால் வண்டிக்கு நேர் முன்னால் நிற்கும் சின்னக் குழந்தை ஓட்டுபவர் கண்ணுக்குத் தெரியாது, பள்ளிக்கூட வாசலில் இது பெரிய ஆபத்து. கேமரா இருக்கிறது என்பார்கள், மண்ணும் சேறும் படிந்த கேமராவில் என்ன தெரியும்? வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு எடுக்கச் சொல்லுங்கள். காரின் அளவைப் பார்ப்பதற்கு முன்னால் ஈ.எஸ்.சி. (வண்டி சறுக்காமல் பிடிக்கும் மின்னணு ஏற்பாடு) இருக்கிறதா, ஆறு ஏர்பேக் இருக்கிறதா, பின் சீட்டில் எல்லோரும் பெல்ட் போடுகிறார்களா, இதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

"பெங்களூரில் ஏழெட்டு வருஷப் பழைய சொகுசு எஸ்யூவி புது இன்னோவா விலைக்குக் கிடைக்கிறது. கே.ஏ. நம்பர். எடுக்கலாமா அண்ணா?"
(மாங்கூழ் வியாபாரி, காவேரிப்பட்டணம்)

எடுக்கலாம், ஆனால் கண்ணை நன்றாகத் திறந்துகொண்டு எடுங்கள். வாங்கும் விலைதான் பழசாகியிருக்கும், உதிரி பாகத்தின் விலை புது வண்டிக்கு உள்ளதுதான்.

முதலில் ஏர் சஸ்பென்ஷன், அதாவது ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்றுப் பைகள் வண்டியைத் தாங்கும் ஏற்பாடு. விற்பவரிடம் முந்தின நாள் இரவே சொல்லி, வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். காலையில் போனதும் சாவியைத் தொடுவதற்கு முன்னால் நாலு சக்கரத்திலும் டயருக்கும் மேலே இருக்கும் வளைவுக்கும் நடுவில் விரலை வைத்து இடைவெளியைப் பாருங்கள். ஒரு மூலை மட்டும் கீழே உட்கார்ந்திருந்தால் அந்தப் பக்கத்துக் காற்றுப் பை ஒழுகுகிறது. ஒழுகும் பையை நிரப்ப கம்ப்ரசர் ஓயாமல் ஓடிக்கொண்டே இருக்கும், கொஞ்ச நாளில் அதுவும் போகும். அப்புறம் ஸ்டார்ட் செய்து உயர்த்துங்கள், இறக்குங்கள், ஏறும்போது எவ்வளவு நேரம் எடுக்கிறது, சத்தம் எப்படி என்று கவனியுங்கள். விற்பவர் முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து தயாராக வைத்திருந்தால், இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்பிவிடுங்கள்.

டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம் செய்தது. 21, 22 அங்குல டயர் நாலும் மாற்ற வேண்டி வந்தால் கை கடிக்கும், அதை விலையில் கழியுங்கள்.

கே.ஏ. நம்பரிலேயே ஓட்டிக்கொள்ளலாம் என்று புரோக்கர் சொல்வார். வேறு மாநில வண்டியை இங்கே 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் இங்கே பதிவு செய்தாக வேண்டும் என்பது சட்டம். அதற்கு வண்டி முதலில் பதிவான ஊர் ஆர்.டி.ஓ.விடமிருந்து படிவம் 28-ல் தடையின்மைச் சான்று, பேங்க் கடன் இருந்தால் அது தீர்ந்த கடிதம், அப்புறம் வண்டியின் வயசுக்கு ஏற்ற ஆயுள் வரி. முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் இதையெல்லாம் கேளுங்கள்.

"எலெக்ட்ரிக் வந்தால் இந்தச் சண்டையே முடிந்துவிடாதா? பேட்டரி தரையில் இருப்பதால் ஈர்ப்பு மையம் தாழ்ந்துவிடுகிறதே."
(மின் ஸ்கூட்டர் ஆலைத் தொழிலாளி, ஓசூர்)

ஈர்ப்பு மையம் தாழும், அது பெரிய லாபம். எடை போகாதே! லோட்டஸ் கம்பெனியை நிறுவிய காலின் சாப்மன் வாழ்நாள் முழுக்க எடையைக் குறைப்பதையே கொள்கையாக வைத்திருந்தவர். 1996-ல் வந்த லோட்டஸ் எலிஸ் சுமார் 725 கிலோ. அதே லோட்டஸ் 2022-ல் காட்டிய எலெட்ரே என்ற மின்சார எஸ்யூவி சுமார் 2,500 கிலோ, மூன்று எலிஸுக்கும் மேல். ரசிகர்கள் வருத்தப்படுவது இதற்கென்றால் நானும் அவர்களோடுதான் நிற்கிறேன்.

"சரி, உங்கள் கையில் பணம் இருந்தால் எது எடுப்பீர்கள்?"
(இதே கேள்வி மொரப்பூர், ஊத்தங்கரை, தேன்கனிக்கோட்டையிலிருந்து)

2017-ல் வால்வோ வி90 கிராஸ் கன்ட்ரி இங்கே வந்தது. செடான் உடம்பு, பின்னால் நீண்ட கூரை, 210 மில்லிமீட்டர் கிளியரன்ஸ், பெரிய எஸ்யூவிகளைவிடப் பல நூறு கிலோ குறைவு. அடுத்த வருஷம் பென்ஸ் ஈ கிளாஸ் ஆல் டெரெய்ன் வந்தது, அதே யோசனை, ஏர் சஸ்பென்ஷனோடு. நான் கேட்கும் உயரம் இரண்டிலும் இருந்தது, வேண்டாத கனம் இல்லை. நம் ஆட்கள் ஸ்டேஷன் வேகன் என்று ஒதுக்கினார்கள், இரண்டுமே விற்பனையிலிருந்து போய்விட்டன. பழைய வி90 ஒன்று நல்ல நிலையில் கிடைத்தால் நான் அதைத்தான் எடுப்பேன். அதையும் ராத்திரி முழுக்க ஸ்டார்ட் செய்யாமல் வைக்கச் சொல்லி, காலையில் நாலு சக்கரத்தையும் பார்த்த பிறகு.