துணி தானாக எழுந்து நிற்குமா?

கேள்வி: லைக்ரா பனியன் துணியை இழுத்துக் கட்டி, அதன்மேல் முப்பரிமாண பிரிண்டரில் பி.எல்.ஏ. பிளாஸ்டிக்கால் வட்டங்கள் அடித்தேனுங்க. கட்டை அவிழ்த்தால் தானே எழும்பி விளக்குக் கூடாகும் என்றார்கள். எனக்கு பிளாஸ்டிக் உரிந்து கையோடு வருகிறது. என்ன தப்புங்க?
- வாசகர், திருப்பூர்

பதில்: முதலில் துணியைச் சந்தேகப்படுங்கள். பிராசசிங் முடிந்து வரும் துணியில் பெரும்பாலும் சிலிகான் சாப்ட்னர் ஏறியிருக்கும். கைக்கு வழவழப்பு, பிளாஸ்டிக்குப் பிடிமானம் கிடையாது. துவைத்தாலும் முழுதாகப் போகாது. சாப்ட்னர் போடாததாகவே கேட்டு வாங்குங்கள். நெருக்கமான பின்னலைவிட லைக்ரா நெட் துணி நல்லது.

துணியில்லாமல், 0.2 மி.மீ. கனத்தில் இரண்டு அடுக்கு அடித்து பிரிண்டரை இடையில் நிறுத்துங்கள். துணியில் நீளவாக்கில் ஒன்று, அகலவாக்கில் ஒன்று என 10 செ.மீ. கோடுகள் போட்டு, இரண்டும் 13 செ.மீ. ஆகும்வரை இழுத்துத் தட்டின் நான்கு பக்கமும் கிளிப் மாட்டுங்கள். பனியன் துணி அகலவாக்கில் அதிகம் கொடுக்கும். அளக்காமல் கைக்கணக்கில் இழுத்தால் வடிவம் கோணிவிடும். பிறகு இன்னும் இரண்டு அடுக்கு. உருகிய பிளாஸ்டிக் கண்ணிகளுக்குள் இறங்கிக் கீழடுக்கைப் பிடித்துக்கொள்ளும். நாசில் (பிளாஸ்டிக் உருகி வழியும் முனை) தாழ்ந்தால் துணியை இழுத்துக்கொண்டு போகும், உயர்ந்தால் பிளாஸ்டிக் ஒட்டாமல் நூலாகத் தொங்கும். துணியின் கனத்துக்கு மட்டும் உயர்த்துங்கள்.

மொத்தம் 0.8 மி.மீ.யில் தொடங்குங்கள். கனம் கூடினால் துணியால் வளைக்க முடியாது, குறைந்தால் கசங்கும். இன்னொன்று: ஒற்றை வட்டம் கிண்ணமாக வராது, குதிரைச் சேணம்போல இருபுறமும் வளையும். துணி சுருங்கப் பார்க்கிறது, வட்டத்தின் சுற்றளவு விட்டுக்கொடுக்காது, அதனால்தான். இந்த வளைவு அவ்வளவு அழகு! அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் செல்ஃப்-அசெம்பிளி ஆய்வகம் இதே உத்தியில் காலணி செய்து காட்டியிருக்கிறது. எல்.இ.டி. பல்பே போடுங்கள், பி.எல்.ஏ. 60 டிகிரி வாக்கில் இளகிவிடும்.

கேள்வி: மரப்பலகையும் தானாக வளையுமாமே, தேக்கில் செய்யலாமா?
- வாசகி, பொள்ளாச்சி

பதில்: வளையும். ஜெர்மனியின் உர்பாக்கில் 2019-இல் எழுந்த 14 மீட்டர் கோபுரத்தின் ஸ்ப்ரூஸ் (குளிர்நாட்டு ஊசியிலை மரம்) பலகைகள் அப்படி வளைந்தவையே. ரேகை குறுக்கும் நெடுக்குமாக இரண்டு பலகைகளை ஒட்டி உலர்த்தினால், ஒன்று அதிகம் சுருங்கி மற்றதை வளைத்துவிடும். வளைந்தபின் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி நிலைக்க வைக்கிறார்கள். அதை விட்டுவிட்டால் பங்குனி வெயிலுக்கு ஒரு வளைவு, ஆடிச் சாரலுக்கு ஒரு வளைவு என்று ஆகும். தேக்கு வேண்டாம். அதிகம் சுருங்காது என்பதற்காகத்தானே ஆசாரிகள் அதைக் கதவுக்கு எடுக்கிறார்கள்!