முன்னாள் மாணவர் சங்கத்துக்கு எந்த மென்பொருள்?

கேள்வி: எங்கள் பள்ளி முன்னாள் மாணவர் சங்கத்துக்கு இணையதளம் தொடங்குகிறோம். வேர்ட்பிரஸ், துருபல், ஜூம்லா என ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எங்களில் யாருக்கும் நிரல் எழுதத் தெரியாது. எதை எடுப்பது?
– வாசகர், கும்பகோணம்

பதில்: மூன்றுமே இணையதளம் அமைத்து நடத்த உதவும், இலவசமாகக் கிடைக்கும் திறமூல (நிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம்) மென்பொருள்கள். உங்களுக்கு வேர்ட்பிரஸ் போதும். 2003-இல் வலைப்பதிவு எழுதுவதற்காக வந்தது, இன்று இணையக் கடை முதல் செய்தித்தளம் வரை பலவும் அதில் ஓடுகின்றன. சிக்கல் வந்தால் உதவ ஆள் கிடைப்பதும் சுலபம். துருபல் மிக வலுவானது, ஆனால் பராமரிக்க விஷயம் தெரிந்தவர் கூடவே இருக்க வேண்டும்.

முடிவெடுக்கும் முன், செய்தி போடப்போகிறவரையே உட்காரவைத்து ஒரு படமும் நாலு வரியும் ஏற்றச் சொல்லுங்கள். என் அக்கா ஓய்வுபெற்ற ஆசிரியை. அரை மணி நேரத்தில் வேர்ட்பிரஸில் தமிழில் தட்டச்சிட்டு வெளியிட்டுவிட்டார்.

அப்புறம், இதைத் தயவுசெய்து அலட்சியம் செய்யாதீர்கள்: டொமைனும் (தளத்தின் முகவரி) ஹோஸ்டிங்கும் (தளத்தை வைத்திருக்கும் வாடகை இடம்) சங்கத்தின் பெயரில், சங்கத்தின் மின்னஞ்சலில் இருக்கட்டும். எங்கள் தெரு நலச்சங்கத்தில் தளம் அமைத்தவர் இரண்டையும் தன் பெயரில் வாங்கியிருந்தார். அவர் வெளிநாடு போனபின் யாரும் பணம் கட்டவில்லை. எட்டு வருடப் பொங்கல் விழாப் படங்கள் போய்விட்டன. இன்னும் மனசு ஆறவில்லை.

சரி, செருகுநிரல்கள் (தளத்துக்குக் கூடுதல் வசதி தரும் துணை நிரல்கள்)? தேவையானதை மட்டும் போடுங்கள், அவ்வப்போது புதுப்பியுங்கள். மாதம் ஒருமுறை முழுத்தளத்தையும் நகலெடுத்து ஹார்டு டிஸ்க்கில் வையுங்கள்.