நெறியாளரின் பழைய மாணவர்களிடம் பேசினீர்களா?

கேள்வி: கால்நடை மருத்துவராக இரண்டு ஆண்டுகள் பணியாற்றியிருக்கிறேன். ஒரு பண்ணையில் கன்றுகள் அடுத்தடுத்து இறந்ததைக் கண்ட பிறகு, தொற்றுநோய்த் துறையில் முனைவர் பட்டம் பெறும் எண்ணம் வந்தது. பெயர்பெற்ற பல்கலைக்கழகம் ஒன்றில் வைரஸ் மூலக்கூறு ஆய்வுக்கும், அதிகம் அறியப்படாத இன்னொன்றில் மந்தைகளுக்கிடையே நோய் பரவும் விதத்தை ஆராயவும் இடம் கிடைத்துள்ளது. எதை ஏற்பது?

பதில்: பல்கலைக்கழகத்தின் பெயரைச் சற்று ஒதுக்கி வையுங்கள். முதலாவதில் உங்கள் நாட்கள் செல் வளர்ப்பிலும் (உயிரணுக்களை ஆய்வகத்தில் வளர்ப்பது) மரபணு வரிசைகளிலும் கழியும்; இரண்டாவதில் பண்ணைகளிலும் புள்ளியியலிலும் கழியும். நான்கைந்து ஆண்டுகள் எந்த வேலையைச் சலிப்பின்றிச் செய்வீர்கள் என்பதே முதலில் தீர வேண்டியது.

இவற்றுள் ஒன்று உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது என்று எண்ண வேண்டாம். பெரியம்மைக்கு அடுத்தபடியாக மனிதர் ஒழித்த நோய், 2011இல் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்ட மாட்டு வெக்கை நோய்தான். கால்நடை விஞ்ஞானி வால்டர் பிளவ்ரைட் செல் வளர்ப்பின் வழியாக உருவாக்கிய தடுப்பூசியும், பின்னர் குளிர்பதனம் இல்லாமலே சில வாரங்கள் தாங்கும்படி அது மேம்படுத்தப்பட்டதும் ஆய்வகத்தின் சாதனைகள். ஆனால் கிழக்கு ஆப்பிரிக்காவில் அந்நோய் கடைசியாக ஒளிந்திருந்த இடங்களைத் தேடுவதற்கு, மேய்ப்பர்களுடன் அமர்ந்து அவர்கள் கண்ட அறிகுறிகளைக் கேட்டறிந்த நோய்ப்பரவலியலாளர்களும் தேவைப்பட்டார்கள்.

மூலக்கூறு ஆய்வை ஏற்பதாயின், எந்த வைரஸ், அதை உயிருடன் கையாள வேண்டுமா என்று கேளுங்கள். கோமாரி நோய் இல்லாத நாடுகளில் அதன் உயிருள்ள வைரஸைக் குறிப்பிட்ட சில உயர்பாதுகாப்பு ஆய்வகங்களில் மட்டுமே கையாள முடியும். பயிற்சிக்கும் அனுமதிக்கும் காத்திருப்பதிலேயே மாதங்கள் ஓடிவிடக்கூடும். நோய்ப்பரவலியலை ஏற்பதாயின், தரவுகள் ஏற்கெனவே கையில் உள்ளனவா, இனிமேல்தான் திரட்ட வேண்டுமா என்று தெளிவாகக் கேளுங்கள். பண்ணையாளர்கள் ஒத்துழைக்காமலோ, எல்லை கடந்து மாதிரிகளை அனுப்ப அனுமதி வராமலோ ஆய்வு நின்றுபோனால், அதன் இழப்பைச் சுமப்பவர் மாணவரே.

உதவித்தொகை கடைசி ஆண்டு வரை உறுதியா என்பதை எழுத்தில் பெறுங்கள்.

இவை எல்லாவற்றையும்விட, உங்கள் ஆய்வை வழிநடத்தப்போகும் நெறியாளரைப் பற்றி அறிவதே முக்கியம். அவரே பரிந்துரைக்கும் மாணவர்களோடு நின்றுவிடாமல், முடித்துச் சென்றவர்களையும் பாதியில் விலகியவர்களையும் தேடிப் பேசுங்கள். எத்தனை ஆண்டுகளில் முடித்தார்கள், ஆய்வுக்கட்டுரைகளில் யார் பெயர் முதலில் வந்தது, எழுதிக் கொடுத்த வரைவு எத்தனை நாளில் திரும்பி வந்தது என்று கேட்டாலே பெரும்பாலானவை தெரிந்துவிடும். (கடைசிக் கேள்விக்கு ஒருவர் சிரித்தாலே போதும், பதில் கிடைத்துவிட்டது.)

என் கருத்தைக் கேட்டால், உங்கள் கடிதத்தில் இறந்த கன்றுகள் இருக்கின்றன, வைரஸின் புரதம் எங்கும் இல்லை. எனவே இரண்டாவது இடத்தின் பக்கமே சாய்கிறேன். ஆயினும் அங்கே புள்ளியியல் கற்பிக்கத் தகுந்தவர் ஒருவரும் இல்லையென்றால், இரண்டையும் விட்டுவிட்டு அடுத்த ஆண்டு மீண்டும் விண்ணப்பியுங்கள்.